டர்போ காருக்கு 20டபிள்யூ-50 போதும் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரேஸ் டிராக்கில் ஓட்டும் டர்போ பெட்ரோல் காருக்கு எந்த ஆயில் நல்லது என்று ஒரு வாசகர் உங்கள் ஞாயிறு வாகனப் பக்கத்தில் கேட்டிருந்தார். "நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், என்ஜின் பத்திரமாக இருக்கும்" என்று பதில் போட்டிருந்தீர்கள். நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் விசைப்படகு என்ஜின் வேலை பார்ப்பவன், கார் வேலையும் செய்கிறேன். அந்தப் பதிலை நம்பி யாராவது ஊற்றினால் அவருடைய டர்போவுக்கு, அதாவது புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவிக்கு, கேடு என்பதால்தான் எழுதுகிறேன்.

ராமநாதபுரம் கடற்கரையில் ரேஸ் டிராக் ஏது என்று கேட்பீர்கள். கீழக்கரை, ராமநாதபுரம், மண்டபம் பக்கம் டர்போ கார் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். சொந்தக் காரையே ஓட்டிக்கொண்டு போய், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும், கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பணம் கட்டி ஓட்டிவிட்டு வருகிறார்கள். என் அக்கா மகனும் அதில் ஒருவன். அவனிடம் இருப்பது 1.2 லிட்டர் டி.எஸ்.ஐ. (சிலிண்டருக்குள் நேரடியாக பெட்ரோல் பீய்ச்சும் டர்போ) என்ஜின் வைத்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. தனுஷ்கோடி சாலையில் சுற்றுலா வந்த ஜனங்களுக்கு நடுவே பறப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று நானே வண்டியைத் தயார் செய்து அனுப்புகிறேன்.

வெயில் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மே மாதம் எங்கள் ஊரில் வெயில் கடுமையாகத்தான் இருக்கும். சாலையில் சாதாரணமாகப் போகும் காரின் ஆயில் 90 முதல் 100 டிகிரியில் நிற்கும். டிராக்கில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து நாலைந்து சுற்று போனால் 120, 130 என்று ஏறும். ஆயில் கூலர் சரியில்லாத வண்டியில் அதையும் தாண்டும். டர்போ தண்டு சுழலும் இடத்தில் சூடு இன்னும் அதிகம். ஆயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்தச் சூட்டுக்குத்தான். வெளியே 30 டிகிரியா 38 டிகிரியா என்பது ரொம்பச் சின்ன வித்தியாசம்.

20டபிள்யூ-50, 5டபிள்யூ-40 என்று ஆயில் டப்பாவில் இருக்கும் முதல் எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு. இரண்டாவது எண் 100 டிகிரியில் அது எவ்வளவு கெட்டி என்பதற்கு. 40 என்றால் 12.5 செண்டிஸ்டோக்கில் (ஆயிலின் கெட்டியை அளக்கும் அலகு) தொடங்கி 16.3-க்குள் இருக்க வேண்டும். 50 என்றால் 16.3-இல் தொடங்கி 21.9-க்குள். டிராக் காருக்கு வேண்டிய மூன்றாவது எண்ணைப் பெரும்பாலும் டப்பாவில் போடுவதில்லை. 150 டிகிரியில், பேரிங் இடுக்கில் ஆயில் நசுங்கும்போது எவ்வளவு திடமாக நிற்கிறது என்ற அளவு அது. எச்.டி.எச்.எஸ். என்பார்கள், ஆயில் கம்பெனி தன் இணையதளத்தில் போடும் தொழில்நுட்பத் தாளில் கிடைக்கும். 30 கிரேடுக்கு 2.9 இருந்தால் போதும், 5டபிள்யூ-40-க்கு 3.5-க்குக் குறையக் கூடாது. டிராக்குக்குப் போகிற வண்டிக்கு 3.5-க்குக் கீழே உள்ள ஆயிலை நான் தொடவே மாட்டேன்.

20டபிள்யூ-50 இந்த மூன்றாவது எண்ணில் தோற்காது, நியாயமாகச் சொல்ல வேண்டும். அதன் கோளாறு வேறு. காலையில் 26 டிகிரியில் வண்டியை எடுக்கும்போது, அந்தச் சூட்டில் அது 5டபிள்யூ-40-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி. டர்போ தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டு மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்துதான் நிற்கிறது. ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமான ஒவ்வொரு நொடியும் தேய்மானம்தான். பிரஷர் மீட்டர் ஏறி நிற்பதைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு பிரஷர்" என்பார்கள். கெட்டியான ஆயிலைத் தள்ள முடியாமல் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து பாதியைத் திரும்ப சம்புக்கே (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கே) விட்டாலும் மீட்டர் அப்படித்தான் நிற்கும். பேரிங்குக்கு ஆயில் போகிறதா என்பதை அந்த முள் சொல்லாது.

இன்னொன்று, கடையில் மலிவாகக் கிடைக்கும் 20டபிள்யூ-50 பெரும்பாலும் மினரல் ஆயில். ஒருமுறை ஒரு டர்போவுக்கு ஆயில் போகும் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே ஓரமெல்லாம் கறுப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராத கருக்கு. ஆயில் தாராளமாகப் போக வேண்டிய துளையில் ஊசி நுழைகிற அளவுதான் வழி இருந்தது. கருவாடு பொரித்த சட்டியை அடுப்பிலேயே மறந்தால் எண்ணெய் கருகி அடியில் பிடிக்குமே, அதே மாதிரி. கொதிக்கக் கொதிக்க ஓட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்போவின் சூடு நிற்காது. அங்கே தங்கிய ஆயில் கருகும். அதனால் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி முடித்து, நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட வேண்டும். நல்ல சிந்தெடிக் ஆயில் இந்தச் சூட்டை மினரலைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் உடனே அணைக்கும் பழக்கம் இருந்தால் எந்த ஆயிலாலும் முழுசாகக் காப்பாற்ற முடியாது.

அப்புறம் எங்கள் பகுதிக்கே உரிய ஒரு தவறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் விசைப்படகு என்ஜின்களை இறக்கி வேலை பார்ப்போம். 15டபிள்யூ-40 டீசல் ஆயில் இருபது லிட்டர் வாளிகளில் வந்து பட்டறையில் அடுக்கியிருக்கும். அதைப் பார்த்து என் அக்கா மகனே கேட்டான்: "மாமா, அதுவும் டர்போ, இதுவும் டர்போ. இதிலேயே நாலு லிட்டர் ஊத்துங்களேன்." "மாப்ள, அது வேற, இது வேற" என்று உட்கார வைத்து விளக்கினேன். படகு என்ஜின் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும், கடல் தண்ணீர் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். டீசல் புகைக்கரியையும் அமிலத்தையும் சமாளிக்க அந்த ஆயிலில் கால்சியம் சேர்ந்த டிடர்ஜென்ட் நிறையப் போடுவார்கள். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போ என்ஜினில் அந்தக் கால்சியம்தான் வினை. குறைந்த ஆர்.பி.எம்.மில் பாரம் ஏறும்போது, பிளக் தீப்பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் உடையும் அளவுக்கு அடி விழும்.

டிராக்கில் ஆர்.பி.எம். மேலேயே நிற்பதால் இந்த ஆபத்து அங்கே குறைவு. டிராக்குக்குப் போகும் வழியில்தான் அதிகம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் டாப் கியரில் 1,500, 1,800 ஆர்.பி.எம்.மில் போய்க்கொண்டிருக்கும்போது, லாரியை முந்த கியரைக் குறைக்காமல் அப்படியே மிதிக்கிறார்களே, அந்த நேரத்தில். இதற்காகவே 2018-இல் எஸ்.என். பிளஸ் என்றும், 2020-இல் எஸ்.பி. என்றும் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தரம் வந்தது. டிராக்குக்கு ஓட்டிக்கொண்டே போய் ஓட்டிக்கொண்டே திரும்பும் கார் என்றால் எஸ்.பி. இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

போலோ 1.2-க்கு ஃபோக்ஸ்வாகன் கேட்பது வி.டபிள்யூ. 502 00 என்ற தன் அங்கீகார எண் உள்ள ஆயில். 3.5-க்குக் குறையாத எச்.டி.எச்.எஸ். இருந்தால்தான் அந்த அங்கீகாரமே கிடைக்கும். ஆகவே நான் ஊற்றுவது 502 00 அங்கீகாரமும் எஸ்.பி. தரமும் சேர்ந்த 5டபிள்யூ-40 சிந்தெடிக். டப்பாவின் பின்பக்கத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். 'அப்ரூவல்' என்று போட்டிருந்தால் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது. 'மீட்ஸ்', 'சூட்டபிள்' என்று இருந்தால் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. கூலர் போட்ட பிறகும் டிராக்கில் 130-க்கு மேலேயே நிற்கிற, பவர் ஏற்றிய வண்டிக்கு மட்டும் நல்ல சிந்தெடிக் 5டபிள்யூ-50 பற்றி யோசிக்கலாம். அதுவும் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு.

நல்ல ஆயிலை ஊற்றிவிட்டு மறந்துவிடுகிறவர்களும் உண்டு. டிராக்கில் ஓட்டி வந்ததும் டிப் ஸ்டிக்கை எடுத்து பனியன் வேஸ்டில் துடைத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் எரியாத பெட்ரோல் சம்பில் இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கிவிட்டது என்று அர்த்தம். டப்பாவில் 40 என்று இருந்தாலும் உள்ளே இருப்பது 30 ஆகியிருக்கலாம். 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் கணக்கு சாலைக்குத்தான், டிராக் வண்டிக்குப் பொருந்தாது. நாலு லிட்டர்கூடப் பிடிக்காத சம்ப் அது. ஒன்றிரண்டு டிராக் நாள் முடிந்ததும் வடித்துவிடுங்கள். போகும்முன் அளவு மேல்கோட்டில் இருக்கட்டும். குறைந்திருந்தால் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும்.

மணலையும் சொல்ல வேண்டும். தனுஷ்கோடி சாலையில் காற்று நாளில் மணல் தார் மேலேயே ஓடும். சத்தம் நன்றாக இருக்கிறது என்று திறந்த ஏர் ஃபில்டர் மாட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். நைசான மணல் உள்ளே போனால் டர்போவின் இறக்கை தேயும், மிச்சம் ஆயிலில் கலந்து பேரிங்கை அரைக்கும். பழைய ஆயிலை லேபில் கொடுத்துச் சோதித்தால் சிலிக்கான் ஏறியிருப்பதிலேயே தெரிந்துவிடும். எங்கள் பகுதிக்குக் கம்பெனி ஃபில்டர் பெட்டியே போதும்.

அடிக்கடி ஆயில் மாற்றும் வண்டி என்பதால் இதையும் கேட்டுக்கொள்கிறேன்: வடித்த ஆயிலைக் கரையில் ஊற்றாதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகின்றன. மூடியுள்ள கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் கொடுங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டு எறியுங்கள். முழுசாகப் போட்டால் அதிலேயே போலி ஆயில் அடைத்துத் திரும்பக் கடைக்கு வரும்.

ஆசிரியர் ஐயா, அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இனி யாராவது ஆயில் பற்றிக் கேட்டால் கார் மாடல், வருஷம், கையேட்டில் உள்ள அங்கீகார எண், டிராக்கில் ஆயில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்ற நான்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு பதில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
படகு என்ஜின் மெக்கானிக்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.