பில் போட முன் நாங்கள் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"கொமட் வாங்க வந்தால் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்கிறீங்களே, பொம்பிளை பார்க்கிறீங்களா?" என்று போன வாரம் ஓர் அன்ரி சிரித்தார். முன்பு நாங்களும் கேட்பதில்லைதான். பிறகு ஒருநாள், பழைய பிளாட் ஒன்றுக்கு அனுப்பிய கொமட் மூன்று மாடி ஏறி, மறுநாள் அதே படிகளால் இறங்கி வந்தது. அங்கே கழிவுக் குழாயின் நடு சுவரில் இருந்து 9 அங்குலத்தில் இருந்தது. நாங்கள் கொடுத்ததோ 12 அங்குலத்துக்கானது. பிழை எங்களுடையது, ஏற்றுக்கூலியும் நாங்களே கொடுத்தோம்.

அதனால் முதலில் அந்த அளவைத்தான் கேட்கிறோம். அதுவும் டைல்ஸ் பதித்த சுவரில் இருந்து. வெறும் செங்கல்லில் இருந்து அளந்தால், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒரு அங்குலம் வரை தின்றுவிடும். குழாய் நிலத்துக்குள் போகிறதா, சுவருக்குள் போகிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் கொமட் வேறு.

"கொமட்டை அந்தப் பக்கம் தள்ளி வைக்கலாமே?" என்பார்கள். தனி வீடு என்றால் யோசிக்கலாம். பிளாட்டில் உங்கள் கழிவுக் குழாய் ஓடுவது பெரும்பாலும் கீழ்வீட்டாரின் தலைக்கு மேலே. கொன்கிரீட்டை உடைத்தால் ஈரம் கசியப்போவது அவர்களுடைய சீலிங்கில். நிலத்தை உயர்த்திக் குழாயைத் திருப்பினால் வாசலில் ஒரு படி வரும், இரவில் கால் தடுக்கும். ஆகவே கொமட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மற்றவை அதைச் சுற்றி அமையட்டும்.

4 அடிக்கு 6 அடி அறை ஒன்றை எடுப்போம். நீளச் சுவரில் வைத்த கொமட் 27 அங்குலம் முன்னுக்கு வருகிறது என்றால், எதிரே மிஞ்சுவது 21. முழங்காலுக்கு அது மட்டுமட்டான இடம், எதிர்ச்சுவரில் பேசினை மறந்துவிடுங்கள். கொமட்டின் நடுவில் இருந்து இரு பக்கமும் 15, ஆக 30 அங்குலம். குளிக்க 30க்கு 30. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளில் இருக்கும் மிகக் குறைந்த அளவுகள்தான் இவை. 6 அடி நீளம் என்பது 72 அங்குலம், அதில் 60 போனால் மிச்சம் 12. கதவோரம் ஒரு சிறிய மூலை பேசின் வைக்கலாம், அவ்வளவுதான். இதற்குள் 27 அங்குலக் கதவு உள்ளே திறந்தால் கொமட்டில் இடிக்கும். வெளியே திறக்க விடுங்கள், அல்லது இழுகதவு போடுங்கள். மடிப்புக் கதவும் எங்களிடம் உண்டு. ஆனால் அதன் தண்டவாளத்தில் சவர்க்கார அழுக்குப் பிடித்து இறுகும் என்பதால் நாங்களாக எடுத்துக் காட்டுவதில்லை.

இன்னொன்று, வாளிக்கு இடம். ஷவர் பூட்டிய வீட்டிலும் வாளி இருக்கும், அதை மறந்து திட்டம் போட்டால் கடைசியில் வாளி கதவடியில்தான் நிற்கும்.

நிலத்துக்கு, தண்ணீர் போகும் துளையை நோக்கி ஒரு அடிக்குக் கால் அங்குலச் சரிவு வேண்டும். 6 அடிக்கு ஒன்றரை அங்குலம். மேசன்பாஸிடம் டைல்ஸ் ஒட்ட முதலே சொல்லுங்கள். பெரிய டைல்ஸ் நாலு பக்கச் சரிவுக்கு வளையாது, வெட்டவேண்டி வரும். சிறிய, சொரசொரப்பானதை எடுங்கள்.

மழை ஷவர் கேட்டு வருகிறவர்களிடம் தண்ணீர்த் தாங்கி எவ்வளவு உயரத்தில் என்று கேட்போம். 10 மீற்றர் உயரத்துக்குத்தான் ஏறத்தாழ ஒரு 'பார்' (தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம். அனெக்ஸ் கூரையில், ஷவருக்கு 2 மீற்றர் மேலே தாங்கி இருந்தால் 0.2 பார். அந்த அகலத் தட்டில் இருந்து மழை வராது, சொட்டும். பம்ப் இல்லாதவர்களுக்கு நாங்கள் சாதாரண கை ஷவரையே தருவோம், விலையும் குறைவு.

ஹீட்டருக்குத் தனி வயர், ட்ரிப் சுவிட்ச். இதில் பேரம் வேண்டாம். மரைன் டிரைவ் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்கு 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுச் சாமான் கேளுங்கள், 304ஐ விடத் தாங்கும்.

வரும்போது ஒரு துண்டுத்தாளில் படம் கீறி வாருங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. அளவுநாடா இல்லாவிட்டால் கடையில் இரண்டு உண்டு, இரவல் தருகிறோம். மூன்று இருந்தது. மற்றதை யார் கொண்டுபோனீர்களோ, அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாத்ரூம் சாமான் கடை,
வெள்ளவத்தை, கொழும்பு 6