ஒற்றைக் கண் ராட்சதன் சப்புக்கொட்டும் இடம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அனிமேஷன் படிப்பில் சேர்ந்துவிட்டாய் என்று அக்கா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். முதல் லீவு கிடைத்ததும் 1958-இல் வந்த 'தி செவன்த் வாயேஜ் ஆஃப் சிந்துபாத்' படத்தைப் பார்த்துவிடு. மந்திரவாதி ஒருவன் இளவரசியை உள்ளங்கையில் நிற்கும் அளவுக்குச் சுருக்கிவிடுகிறான். அவளை மீட்க சிந்துபாத் ராட்சதத் தீவுக்குப் போகிறான். கதை அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ரே ஹாரிஹௌசன் உயிர் கொடுத்த பொம்மைகளைப் பற்றி.

பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு ஃபிரேம், அதாவது ஒரே ஒரு அசையாப் படம், இன்னும் துளி நகர்த்தி அடுத்த ஃபிரேம். 24 சேர்ந்தால்தான் திரையில் ஒரு நொடி. பொம்மைகளுக்குள் இருக்கும் உலோக மூட்டுகளை, மெஷினிஸ்டான அவருடைய அப்பா செய்து கொடுப்பார். நடிகர்கள் நடித்த காட்சியைப் பொம்மைக்குப் பின்னால் உள்ள திரையில் ஃபிரேம் ஃபிரேமாகக் காட்டுவார்கள். முன்பக்கம் வரவேண்டிய பாறை, மணலை முதலில் மறைத்துவிட்டு, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி அந்தப் பகுதியை மட்டும் மறுபடி பதிவு செய்வார்கள். அதனால்தான் பொம்மை, மனிதர்கள் நிற்கும் அதே மண்ணில் நிற்பதுபோல் இருக்கிறது.

ஆட்டுக் காலும் கொம்புமாக ஒற்றைக் கண் ராட்சதன் குகையிலிருந்து வெளியே வருவதை எல்லோரும் சொல்வார்கள். நீ அதற்கப்புறம் வருவதைக் கவனி. ஒரு மாலுமியைக் கம்பத்தில் கட்டி நெருப்பில் வாட்டிக்கொண்டே, பக்கத்தில் உட்கார்ந்து சப்புக்கொட்டுகிறது. அங்கே சண்டையே கிடையாது, பசி மட்டும்தான். பின்னால் அதன் கண்ணைச் சிந்துபாத் பொசுக்கும்போது நமக்கு வலிப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இரட்டைத்தலைப் பறவைக் குஞ்சும் அப்படித்தான். முட்டையிலிருந்து வெளியே வந்ததுமே பசித்த மாலுமிகள் அதைக் கொன்று சுட்டுத் தின்கிறார்கள். தாய்ப்பறவை வரும்போது என் மனசு அதன் பக்கம்தான்.

எலும்புக்கூட்டோடு நடக்கும் வாள்சண்டையை இரண்டு தடவை பார். முதல் தடவை எலும்புக்கூட்டை, அடுத்த தடவை சிந்துபாத்தாக நடித்த கெர்வின் மேத்யூஸை. என்ஸோ முசுமெச்சி கிரெக்கோ என்ற இத்தாலிய வாள்வீச்சு ஆசானோடு பயிற்சி எடுத்துவிட்டு, கேமரா முன்னால் வெறும் காற்றோடு சண்டை போட்டவர் அவர். எதிராளி நிற்க வேண்டிய இடத்திலிருந்து அவர் கண் விலகவே இல்லை. பெர்னார்ட் ஹெர்மன் இசையில், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோன் எலும்பு உரசுவதுபோலவே கேட்கும். இதே எலும்புக்கூடு 1963-இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்' படத்தில் சண்டை போடும் ஏழில் ஒன்றாகத் திரும்பி வருகிறது.

கடைசியில் டிராகனும் இன்னொரு ராட்சதனும் மோதுவது பெரிய சண்டைதான். ஆனாலும் சப்புக்கொட்டும் அந்த இடத்துக்கு ஈடாகாது.

பார்த்து முடித்ததும் ஒரு களிமண் பொம்மை செய். அது ஒன்றும் செய்யாமல் யாருக்காகவோ காத்திருப்பதை மட்டும் போன் கேமராவில் ஐந்து நொடிக்கு எடு. 120 ஃபிரேம் வரும். பொறுமையாக எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா