கிளட்ச் பெடலே இல்லாத காரில் கிளட்ச் தேய்ந்ததற்கு நானா பொறுப்பு?

கோட்டையூர்,
15-12-2025

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.
நகல்: காரைக்குடி சர்வீஸ் சென்டர்.

பொருள்: வாரண்டிக்குள் இரண்டு முறை சொன்ன கோளாறை வாரண்டி முடிந்த பிறகு கண்டுபிடித்து, ₹48,380 கேட்பது தொடர்பாக.

ஐயா,

நான் கோட்டையூரில் பலகாரத் தொழில் செய்கிறேன். 14-11-2022 அன்று உங்கள் நிறுவனத்தின் 1 லிட்டர் ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் கம்ப்யூட்டரே இயக்கும்) காரை வாங்கினேன். வாரண்டி மூன்று வருடம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர். கல்யாண வீடுகளுக்குச் சரக்கு எடுத்துப்போக, கியர் மாற்றும் தொல்லை இல்லாத சின்ன வண்டி வேண்டும் என்றுதான் இதை எடுத்தேன். இன்ஜின்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. மைலேஜும் பரவாயில்லை.

20-01-2025 அன்று, 38,200 கிலோமீட்டரில், முதல் முறையாகச் சொன்னேன். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது வண்டி பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி குலுங்குகிறது என்று. ஜாப் கார்டில் "ஜெர்க்" என்று எழுதிக்கொண்டார்கள். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு "நார்மல்" என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் மாதம் குலுக்கல் தாங்கவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றார்கள். 02-04-2025, 41,650 கிலோமீட்டர், பில் ₹18,640. வாரண்டி இருக்கிறதே என்று கேட்டதற்கு உங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்னது இது: "மேடம், கிளட்ச் ஓட்டுறவங்க பழக்கத்தைப் பொறுத்தது. தேய்மானப் பொருள், வாரண்டியில வராது. வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க."

வீட்டில் சார் இருக்கிறார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இந்த வண்டியில் எனக்குக் கிளட்ச் பெடலே கிடையாது. என் இடது கால் சும்மாதான் கிடக்கிறது. கிளட்சை அழுத்துவதும் விடுவதும் உங்கள் கம்ப்யூட்டரும், அது சொன்னபடி ஆயில் பிரஷரில் வேலை செய்யும் ஆக்சுவேட்டரும்தான். ஏஎம்டியிலும் கிளட்சைக் கெடுக்க வழி உண்டு என்று எனக்குத் தெரியும். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் கெடும். நெரிசலில் மணிக்கணக்கில் ஊர்ந்தாலும் கெடும். பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டத்தில் நானும் ஊர்ந்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கம் மேடு எங்கே இருக்கிறது? இருப்பது குன்றக்குடி மலை. அதில் நான் படியேறித்தான் போகிறேன்.

இன்னொன்று. புது கிளட்ச் போட்டால் அது எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை ஸ்கேனர் மாட்டிக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அந்த ஏப்ரல் பில்லில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங், லேபர் எல்லாம் இருக்கிறது. இந்த வேலை இல்லை. செய்தீர்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

ஐந்து மாதத்தில் குலுக்கல் திரும்ப வந்தது. 09-09-2025 அன்று 47,900 கிலோமீட்டரில் விட்டேன். சாஃப்ட்வேர் அப்டேட் செய்தோம் என்று பணம் வாங்காமல் அனுப்பினார்கள். அப்போதும் வாரண்டி இருந்தது. பானெட்டைத் திறந்து ஆக்சுவேட்டரை யாரும் பார்க்கவில்லை.

23-11-2025, ஞாயிற்றுக்கிழமை. தேவகோட்டையில் ஒரு கல்யாண வீடு. பின் சீட்டை மடித்து அதிரசம், மாவுருண்டை, சீப்புச்சீடை, மனகோலம் என்று பதினோரு டின் ஏற்றியிருந்தேன். தேவகோட்டை ரஸ்தா தாண்டும்போது மீட்டரில் "என்" எழுத்து (நியூட்ரல், அதாவது எந்தக் கியரிலும் இல்லை) விட்டுவிட்டு மின்னியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பின்னால் லாரி ஹாரன். பால் வண்டிப் பையன்கள் இரண்டு பேர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். உங்கள் அவசர உதவி எண்ணில் நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து, ₹900 கொடுத்து, டின்களை நானே மாற்றி ஏற்றிக்கொண்டு போனேன். போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். அந்த வீட்டு ஆச்சி கோபப்படவில்லை. "வண்டி நின்னா நிக்கட்டும் ஆத்தா, பலகாரம் நிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குக் கோபப்பட்டிருந்தாலே தேவலை. நானாகவே பில்லில் இரண்டாயிரம் குறைத்துக்கொண்டேன்.

ஞாயிறு என்பதால் உங்கள் சர்வீஸ் சென்டர் மூடியிருந்தது. கழனிவாசலிலிருந்து பழைய மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் எதையும் கழற்றவில்லை, டார்ச் மட்டும் அடித்துப் பார்த்தார். ஆக்சுவேட்டர் ஆயில் டப்பாவில் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே. அடியில் பனியன் துணியை ஒற்றி எடுத்து என்னிடம் நீட்டினார். நான் நாள் முழுக்க எண்ணெயோடு புழங்குகிறவள். அது இன்று நேற்றுக் கசிந்த ஈரம் இல்லை, மண்ணோடு சேர்ந்து பிசுக்காகி இறுகியிருந்தது. பிரஷர் குறைந்தால் கிளட்ச் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும், அதனால்தான் பிளேட் தேய்ந்திருக்கிறது என்றார்.

மூன்று நாள் கழித்து உங்கள் ஆட்களும் ஆக்சுவேட்டர்தான் என்றார்கள். ஆனால் வண்டி நின்றதற்கு ஒன்பது நாளைக்கு முன்பே வாரண்டி முடிந்துவிட்டதாம். எஸ்டிமேட் ₹51,880. அதில் உதிரி பாகத்துக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள். செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தானே என்று கேட்ட பிறகு ₹48,380 ஆனது. எங்கள் ஊரில் உப்பு வாங்கினாலும் கணக்கெழுதுவார்கள், நான் விட்டுவிடுவேன் என்று எப்படி நினைத்தார்களோ தெரியவில்லை.

பலகாரக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்தான் வண்டிக் கணக்கும் எழுதுகிறேன். பெட்ரோல், இன்சூரன்ஸ் சேர்க்காமல், ஐந்து சர்வீஸ் ₹27,300, நான்கு டயர் ₹15,600, பேட்டரி ₹5,200, முன்பக்கம் தட்தட்டென்று அடித்த ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டும் ₹2,360. மொத்தம் ₹50,460. இவற்றில் எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. புதுவயல் ரோட்டுப் பள்ளத்துக்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று வருடமாக இவ்வளவுக்கும் சேர்த்துக் கொடுத்ததைக் கிட்டத்தட்ட அப்படியே இப்போது ஒரே பாகத்துக்குக் கேட்கிறீர்கள்.

வாரண்டி முடிந்தது நவம்பரில். கோளாறை நான் சொன்னது ஜனவரியிலும் செப்டம்பரிலும். நீங்கள் தாமதமாகக் கண்டுபிடித்ததற்கு நான் பணம் கட்ட முடியாது. ஆக்சுவேட்டரை இலவசமாக மாற்றித் தரவும். அதன் கோளாறால் தேய்ந்த கிளட்சுக்கு வாங்கிய ₹18,640-ஐயும், ஆட்டோ வாடகை ₹900-ஐயும் திருப்பித் தரவும். கல்யாண வீட்டில் குறைத்த இரண்டாயிரம் என் தொழிலின் மரியாதைக்கு, அதை உங்களிடம் கேட்கவில்லை. மூன்று ஜாப் கார்டுகளின் நகலும் ஸ்கேனரில் வந்த கோளாறு எண்களும் எழுத்தில் வேண்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சிவகங்கை மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்று சட்டம் சொல்வதால், உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் எனக்கு அலைச்சல் இல்லை.

இப்படிக்கு,
(கையொப்பம்)

பி.கு.: வண்டி உங்கள் சர்வீஸ் சென்டரில்தான் நிற்கிறது. டிக்கியில் என் அதிரச டின்னின் மூடி ஒன்று கிடக்கிறது. தை பிறந்தால் முகூர்த்தம் ஆரம்பித்துவிடும். வண்டி விஷயம் முடிவதற்குள் அதை மட்டுமாவது யாரிடமாவது கொடுத்தனுப்பவும்.