மாப்பிள்ளை, அண்டாவை விற்றுவிடாதீர்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

குன்னூரில் மழை விட்டபாடில்லை. உங்கள் அத்தை தோசை மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு ஓரத்தில் வைத்திருக்கிறாள். இரண்டு நாளாகியும் பொங்கவில்லை.

நேற்று போனில் பேசும்போது பாப்பா போகிறபோக்கில் ஒன்று சொன்னாள். கராஜில் வீட்டுக்கென்று பியர் காய்ச்சுகிற சாமான்களை எல்லாம் விற்கப்போகிறீர்களாம். தொடர்ந்து மூன்று தடவை புளித்துப்போய்க் கீழே கொட்டினீர்களாம். சனியன் ஒழிந்தது என்கிற குரலில்தான் சொன்னாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் அவள் கண்ணில் படும். நான் இங்கே எழுதுவதை அவள் ஒருநாளும் படித்ததில்லை, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதுகிற விஷயமா இது என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும்.

போன வருஷம் அமெரிக்காவில், ஆரிகனில் உங்கள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தோமே, முதல் மாதம் எனக்குப் பொழுதே போகவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் நீங்கள் உடைத்த பார்லி மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் கொட்டிக் கிளறினீர்கள். தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, "67 டிகிரி மாமா, ஒரு மணி நேரம் இப்படியே இருக்கணும்" என்றீர்கள். ஏன் என்று கேட்டேன். மால்ட்டில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும், சூடு கொஞ்சம் கூடினால் பியர் கனமாக இருக்கும், குறைந்தால் மெலிந்துபோகும், கொதிக்க வைத்தால் நொதியின் கதை முடிந்தது என்று விளக்கினீர்கள். உண்மையைச் சொன்னால், அன்றைக்குத்தான் எனக்கு உங்களைப் பிடித்துப்போனது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பிடித்திருக்கவில்லை.

ஏனென்றால், 31 வருஷம் டீ மேக்கராக நான் பார்த்த வேலையும் அதுதான். கொழுந்தை வாடவைத்து, மெஷினில் நசுக்கி, பரப்பி வைப்போம். ஃபாக்டரியில் அதை ஃபெர்மென்டிங் என்போம். பெயர்தான் அப்படி, ஈஸ்ட்டும் கிடையாது பாக்டீரியாவும் கிடையாது. இலையில் இருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. பச்சை வாடை போய்ப் பழவாசனை வரும், நிறம் புதுச் செப்புக்காசு மாதிரி ஆகும். அந்த நிமிஷத்தில் டிரையருக்குள் தள்ளி, சூட்டில் நொதியை நிறுத்திவிட வேண்டும். ஒரு மணி நேரமா, ஒன்றரை மணி நேரமா என்பதை அன்றைய குளிரும் ஈரமும்தான் சொல்லும். இரண்டாம் வருஷத்தில் ஒரு நைட் ஷிஃப்டில் கண் அசந்துவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் அத்தனையும் உயிரில்லாத மண் நிறம். மேனேஜர் திட்டவில்லை. ஒரு வாரம் எனக்கு மட்டும் அந்தத் தூளில் டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று தடவையும் புளிப்பு ஒரே மாதிரி இருந்ததா? அப்படியென்றால் கைப்பழக்கத்தில் குற்றமில்லை, உள்ளே ஏதோ குடியிருக்கிறது. சர்க்கரை இறங்கிய பிறகு அண்டா ஒரு மணி நேரம் கொதிக்கிறது, அதன்மேல் பழி போடமுடியாது. ஆறவைத்த பிறகு படும் சாமான்கள்தான் சந்தேகத்துக்கு உரியவை. அந்தப் பிளாஸ்டிக் வாளியின் அடியில் ஒரு குழாய் இருக்கிறதே, அதை நீங்கள் கழற்றிக் கழுவி நான் பார்த்ததில்லை. வாளியின் உள்பக்கத்தை வேறு நார் போட்டுத் தேய்ப்பீர்கள். அந்தக் கீறல்களுக்குள் கிருமிநாசினி சரியாகப் போய்ச் சேராது. வாளியும் ரப்பர் டியூபும் போகட்டும். அதற்காக அண்டாவை ஏன் விற்க வேண்டும்?

இங்கே சமையலறை மூலை பாதி வருஷம் 18 டிகிரியில் இருக்கிறது. நீங்கள் ஈஸ்ட்டுக்காகப் பழைய ஃபிரிட்ஜுக்குக் கருவி மாட்டிக் கொண்டுவருகிற அதே சூடு, எனக்கு இலவசம். இந்த மலையில் ஒரு காலத்தில் படுகர்கள் பார்லி விளைவித்தார்கள், வெள்ளைக்காரர்கள் பியர் ஆலையும் வைத்திருந்தார்கள். ஆனால் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி நான் வீட்டில் செய்தால் குற்றம். காய்ச்சுகிறார் என்று சொன்னாலே நம் ஊரில் போலீஸ் ஜீப்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவிலும் 1978இல் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதானே வழி பிறந்தது. இப்போது பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 கேலன், கிட்டத்தட்ட 750 லிட்டர். நீங்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூடச் செய்வதில்லை.

நான் இஞ்சிப் பானத்தோடு நிறுத்திக்கொண்டேன். துருவிய இஞ்சி, சர்க்கரை, தண்ணீர், தினம் ஒரு ஸ்பூன் தீனி. போன தடவை நுரை தட்ட ஒன்பது நாள் ஆனது. அதைப் பாகில் கலந்து பாட்டிலில் இரண்டு நாள் வைத்து, கேஸ் ஏறியதும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுகிறேன். ஜனவரியில் அவசரப்பட்டு ஸ்குவாஷ் பாட்டில் ஒன்றை மூடி அடுப்புப் பக்கம் வைத்து மறந்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு டமார். காட்டெருமை கதவை முட்டுகிறது என்று உங்கள் அத்தை கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. நானும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, கண்ணாடித் துண்டுகளை விடிவதற்குள் பெருக்கினேன். அதிலிருந்து பிளாஸ்டிக் பாட்டில்தான், அமுக்கிப் பார்த்தாலே எவ்வளவு விறைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் நீல அட்டை நோட்டை, நீங்கள் ஆபீஸ் போன நேரத்தில் முழுக்கப் படித்தேன், மன்னிக்கவும். மால்ட் எவ்வளவு, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ எவ்வளவு, அடர்த்தி தொடக்கத்தில் 1.050, முடிவில் 1.012 என்று ஒவ்வொன்றையும் எழுதியிருக்கிறீர்கள். பதினான்காவது பக்கத்தில் ஒரு ஸ்டவுட், கறுப்பு பியர். ஓரத்தில், "நாளை இந்தியா, பெண் பார்க்க. திரும்பியதும் பாட்டிலில் அடைக்கணும்" என்று இருந்தது. அதற்குக் கீழே வேறு பேனாவில், "பரவாயில்லை, கொஞ்சம் கசப்பு." ஸ்டவுட்டைத்தான் சொன்னீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் வருகிறோம். அதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழாயை மரையோடு கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். என்ன இருந்தது என்று எனக்கு மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர் மாமா