எனக்காக எழுதப்பட்ட 23 நாட்கள்

அன்புள்ள அனைவருக்கும்,

ஆண்டு முடிய இன்னும் மூன்று நாட்களே இருக்கின்றன. இதற்கு மேல் தள்ளிப்போட மனம் வரவில்லை. பேனாவைப் பிடித்து ஒரு பக்கம் எழுதும் அளவுக்கு விரல்கள் இப்போதுதான் தெம்படைந்திருக்கின்றன. முதல் பக்கம் உங்களுக்குத்தான் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். நீங்கள் எல்லாரும் விழித்திருந்தீர்கள், நான்தான் இல்லை.

ஆண்டுக் கடைசியில் டைரியைப் புரட்டிப் பார்ப்பது என் நெடுநாள் பழக்கம். இந்த முறை ஆகஸ்ட் 8ஆம் தேதியோடு எழுத்து நின்றுவிட்டது. 'மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும்' என்பதுதான் கடைசி வரி. அதற்குப் பின் மாதக்கணக்கில் வெள்ளைப் பக்கங்கள். செப்டம்பரும் அக்டோபரும் போனால் போகட்டும், அவை நினைவில் இருக்கின்றன. ஆகஸ்ட் 9 முதல் 31 வரை மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்த 23 நாட்கள் எனக்குள் எங்குமே இல்லை.

இல்லை என்று முழுதாகவும் சொல்லிவிட முடியாது. ஒரு படகு இருந்தது. அதன் அடித்தட்டில் நான் மல்லாந்து கிடந்தேன். இரு கைகளும் கட்டப்பட்டிருந்தன. படகு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இயந்திரச் சத்தம் ஓயவே இல்லை. யாரோ அவ்வப்போது வந்து என்னைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். கத்தினேன், குரல் எழவில்லை. வீடு திரும்பிய பிறகும் கண்ணை மூடினால் படகு வந்துவிடும். இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, இரவுப் பணி சிஸ்டர் ஒருவர் பையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தார். "மனம் தயாரானதும் படியுங்கள் ஐயா, அவசரமில்லை" என்றார். மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து அதையும் அலமாரியில் வைத்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து ஓர் இரவு, தூக்கம் வராமல் எடுத்துப் பிரித்தேன். ஆகஸ்ட் 12ஆம் தேதிப் பக்கம் இது:

"இரவு 2.40. ஐயா, இன்று உங்களைக் காற்று மெத்தைக்கு மாற்றியிருக்கிறோம். முதுகில் புண் வராமல் இருக்கத்தான். காற்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மோட்டார் சத்தமும் கேட்கும். பயப்படாதீர்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை உங்களைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கிறோம். குழாயைப் பிடுங்கப் பார்த்தீர்கள், அதனால் கைகளில் துணிக்கட்டு போட வேண்டியதாயிற்று. மன்னித்துக்கொள்ளுங்கள். தொண்டையில் குழாய் இருப்பதால்தான் பேச முடியவில்லை. மாலையில் உங்கள் மகள் வந்து வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்."

அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. மனைவியை எழுப்பி, படகைப் பற்றி முதன்முதலாகச் சொன்னேன். இருவரும் விடியும்வரை நோட்டைப் படித்தோம். அவர் கையெழுத்தும் அதில் பல இடங்களில் இருந்தது. படகு அதன் பிறகும் இரண்டு முறை வந்தது. ஆனால் அது மெத்தை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பின்னர்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவில், அதிலும் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கு, இப்படிச் சித்தம் குழம்புவது மிகச் சாதாரணம். மருத்துவர்கள் அதை டெலிரியம் என்கிறார்கள். நினைவிழந்தவருக்காக நாட்குறிப்பு எழுதும் வழக்கம் 1980களில் ஸ்காண்டிநேவிய நாடுகளின் செவிலியர்களிடம் தொடங்கியிருக்கிறது. 2010இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில், நாட்குறிப்பு பெற்றவர்களில் புதிதாக மன அதிர்ச்சி நோய்க்கு ஆளானவர்கள் 5 சதவீதம், பெறாதவர்களில் 13 சதவீதம். 2019இல் பிரான்சில் 35 பிரிவுகளில் நடந்த ஆய்வில் அப்படிப்பட்ட வேறுபாடு தென்படவில்லை. அறிஞர்கள் நிதானமாக ஆராயட்டும். என்னைக் கேட்டால், அந்தப் படகிலிருந்து என்னைக் கரையேற்றியது அந்த நோட்டுதான்.

அதை எழுதியாக வேண்டிய கட்டாயம் அந்த இரவுப் பணி சிஸ்டருக்கு இல்லை. நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு எல்லாவற்றையும் மணிக்கு மணி மருத்துவக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள், அது பணி. அதை முடித்துவிட்டு, அந்த அகால வேளையில், எழுந்திருப்பாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாத ஒரு மனிதருக்கு 'ஐயா' என்று தொடங்கிக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் மருத்துவச் செய்தி எதுவுமே இல்லை. "வெளியே நல்ல மழை. உங்களுக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறக்க நினைத்தேன், இங்கே திறக்க முடியாது. அதனால் எழுதி வைக்கிறேன்." அவ்வளவுதான். இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த மழை அதுதான்.

மற்ற உங்கள் எல்லாரையும் ஒரே மூச்சில் சொல்வதற்கு வருந்துகிறேன். ரத்தம் கொடுத்தவர்கள், எடுத்து வைத்த ரத்தத் தட்டணுக்கள் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது என்பதால் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவர்கள், வீட்டைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டார், என் வேலையையும் சேர்த்துச் செய்த சக ஊழியர்கள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள், வலிக்கிறது என்று நான் சீறியபோதும் முகம் சுளிக்காமல் ஒவ்வோர் அடியாக நடக்க வைத்த பிசியோதெரபிஸ்ட், தரையைத் துடைக்கும்போதெல்லாம் "இன்னைக்கு முகம் தெளிவா இருக்கு" என்று சொன்ன அம்மா. உங்கள் பெயர்களை நோட்டின் பின்பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் முடியவில்லை.

அடுத்த ஆண்டுக்குப் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. மாடிப்படி ஏற வேண்டும். கண்ணாடியை மாற்ற வேண்டும். இன்னொன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: நோட்டுகள் வாங்கி அந்தப் பிரிவுக்குக் கொடுக்கப்போகிறேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களோடு, அவர்கள் சம்மதித்தால், வாரம் ஒரு நாள் உட்காரப்போகிறேன். எது தேவைப்படும் என்று எனக்குத் தெரியும். மெத்தையைப் பற்றி எழுதுங்கள், சத்தங்களைப் பற்றி எழுதுங்கள், யார் வந்து கையைப் பிடித்தார்கள் என்று எழுதுங்கள் என்று சொல்வேன்.

சிஸ்டர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆகஸ்ட் 27ஆம் தேதி, "இன்று முதல் முறையாக நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சொல்லில் 'சி' மட்டும்தான் தெரிகிறது, மீதி அவசரத்தில் கிறுக்கலாகிவிட்டது. 'சிரித்தீர்கள்' என்கிறார் என் மனைவி. 'சிணுங்கினீர்கள்' என்கிறாள் மகள். ஜனவரி முதல் வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறேன். நீங்களே படித்துச் சொல்லுங்கள்.