பழைய லாப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மழை வந்தால் மாமியாருக்கு மூட்டுவலி கூடிவிடுகிறது, அவ்வளவுதான்.

லாப்டாப் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது, 11 போட உன் பிராசசர் பழசு என்று கடைக்காரர் சொன்னது சரிதான். அதற்காகப் புதுசு வாங்கச் சொன்னாரே, அதுதான் தேவையில்லை. எங்கள் வீட்டு லாப்டாப்புக்கும் அதே வயசுதான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ், அதில் பல வகை உண்டு. கொஞ்ச நாளாக எங்கள் லாப்டாப்பில் ஒவ்வொரு லினக்ஸாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் பேப்பர் படிக்கத் திறக்கும்போதே, "இன்று யார் ஆட்சி?" என்று கேட்கிறார் வீட்டுக்காரர்.

பார்ப்பதற்கு லாப்டாப்பில் எதையும் அழிக்க வேண்டாம். வென்டாய் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரு பென்டிரைவில் ஏற்றிவிட்டால், அப்புறம் மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று லினக்ஸ் வகைகளின் ஐஎஸ்ஓ கோப்புகளை (முழு இயங்குதளமும் ஒரே கோப்பாக இருக்கும்) சும்மா காப்பி செய்தால் போதும். லாப்டாப்பை அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்தால், அதாவது தொடக்கினால், எது வேண்டும் என்று கேட்கும். இன்ஸ்டால் பட்டனைத் தொடாதவரை உன் ஹார்ட் டிஸ்க் பத்திரம்.

பலர் வால்பேப்பரையும் மெனுவையும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். அதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல் என்ற மையப் பகுதிதானே. நான் பார்ப்பது வேறு: வைஃபை தானாகப் பிடிக்கிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, தமிழில் அடிக்க முடிகிறதா. ஐபஸ்-எம்17என் என்ற பொதியைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை முறை வந்துவிடும். அ, ம, ம, ஆ என்று தட்டு. நடுவில் புள்ளி தானாக விழுந்து 'அம்மா' என்று நிற்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்ற ஜன்னலில் மட்டும் தமிழ் இன்னும் பல இடங்களில் சிதறுகிறது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக. நீ அந்தப் பக்கம் போகப் போவதில்லை, விடு.

எனக்குப் பிடித்தது ஃபெடோரா. எல்லாம் புத்தம் புதுசாக வரும். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆயுசு. அந்த ஓட்டத்துக்கு உனக்குப் பொறுமை கிடையாது. டெபியன் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் அசையும். முன்பு அதில் வைஃபை ஓடத் தேவையான ஃபர்ம்வேர் என்ற சிறு மென்பொருளைத் தனியாகத் தேடவேண்டி இருந்தது. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலரிலேயே வருகிறது.

உனக்கு மின்ட்தான், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரை அமைப்புள்ள வகை. மின்டின் 22-ஆம் வரிசை, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை அப்டேட் உண்டு. மெனு இடது மூலையில் இருப்பதால் கை தானாக அங்கே போகும். ஆனால் உன் லாப்டாப் ஊர்கிறது என்கிறாயே, அதற்குப் பாதிக் காரணம் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க். எந்த லினக்ஸ் போட்டாலும் அது வேகமாக ஓடப்போவதில்லை. முதலில் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் ஒன்று வாங்கு. இன்னொன்று, உன் வீட்டுக்காரர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுகிறார் என்றால் அதற்கு விண்டோஸ் உள்ள மெஷின்தான் வேண்டும். அவரிடம் இப்போதே கேட்டுவிடு.

பொங்கலுக்கு வரும்போது பென்டிரைவோடு வருகிறேன். அதற்குள் கல்யாணப் படங்களையெல்லாம் வேறெதிலாவது காப்பி எடுத்து வை.

அன்புடன்,
வசந்தி