மே மாதத்துக்காகக் கடன் வாங்காதே, தம்பி

காரைக்குடி,
மாசி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மருமகள், பெரியவன், பாப்பா எல்லோரும் சுகந்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஊட்டி பேக்கேஜ் பற்றிச் சொன்னது மனசை விட்டுப் போகவே இல்லை. மூன்று ராத்திரி தங்க, கார், ஓட்டல் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். கையில் அவ்வளவு இல்லை, கிரெடிட் கார்டில் போட்டு மெதுவாகக் கட்டிக்கொள்ளலாம் என்றாய். பெரியவன் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் எங்கேயாவது போய்வருகிறார்கள், நம் பிள்ளை மட்டும் வீட்டில் கிடந்தால் முகம் வாடிப்போகிறான் என்றாய். அந்த வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. கடன் வாங்கிப் போகாதே என்பதுதான் நான் சொல்ல வந்தது. கடன் இல்லாமல் எப்படி என்று நானும் அப்பாவும் உட்கார்ந்து பேசினோம். அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஜூன் மாதத்தை நினைத்துக்கொள். பள்ளிக்கூடம் திறந்ததும் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம், ஷூ, வேன் வாடகை என்று வரிசையாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் கார்டுக்காரனுக்கு முழுசாகக் கட்ட முடியாது. பாக்கி நின்றால் மாசத்துக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாய், சில கார்டில் அதற்கு மேலும் வட்டி போடுகிறார்கள். மூன்றரை என்றே வைத்தாலும் 38,000க்கு அது 1,330 ரூபாய், ஒரு மாசத்துக்கு மட்டும். கடல் கடந்து போய் வட்டிக்குக் கொடுத்து வாங்கின ஊர் இது. இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மூன்றரை வட்டிக்கு வாங்கினவன் எழுந்திருக்க மாட்டான் என்று. மூன்று நாள் சந்தோஷத்துக்காக தீபாவளி வரைக்கும் நீ ராத்திரியில் கணக்குப் போட்டுக்கொண்டு படுப்பதை நான் விரும்பவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார். அந்த 38,000 எதற்குப் போகிறது? பார்க்கிற இடங்களுக்கு இல்லை. படுக்கிற அறைக்கும், வாடகைக் காருக்கும், கடைசி நேரத்து அவசரத்துக்கும்தான் போகிறது. பூங்காவுக்கும் ஏரிக்கும் ஆகிற டிக்கெட் அதில் ஒரு மூலைக்கு வராது. அதுவும் மே மாதத்து ஊட்டி. மலர்க் கண்காட்சி சமயத்தில் அறை வாடகை எகிறிக் கிடக்கும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போனால் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்றமே தலையிட்டு, 2025 கோடையில் ஒரு நாளைக்கு ஊட்டிக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று வரம்பு போட்டது. அவ்வளவு வண்டியும் ஒரே மலைச் சாலையில் ஏறினால் பிள்ளைகள் எதைப் பார்க்கும்? முன்னால் போகிற காரைத்தான். ஊட்டி எங்கேயும் ஓடிப்போகாது. காலாண்டுப் பரீட்சை லீவில் அரசு பஸ்ஸில் போ. அறையும் சல்லிசாகக் கிடைக்கும், பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸும் வேண்டாம்.

இந்தக் கோடைக்கு இங்கே வா. "எப்போதும் வருகிற ஊர்தானே" என்று பெரியவன் சொல்வான். அவன் பார்த்தது நம் வீட்டையும் தெருமுனைக் கடையையும்தான். ஊரை அவனுக்கு யாரும் இன்னும் காட்டவில்லை.

மருமகளிடம் இதைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று. மாமியார் வீட்டுக்கு வருவது அவளுக்கு விடுமுறை ஆகாது என்பது எனக்குத் தெரியும். இங்கே வந்து அடுப்படியில் நிற்பதற்கு அங்கேயே நிற்கலாம். அதனால் இந்தத் தடவை அவள் அடுப்படிப் பக்கமே வர வேண்டாம். காலைப் பலகாரம் நான் பார்த்துக்கொள்வேன், பாத்திரம் நீயும் அப்பாவும் கழுவுங்கள். அவள் தூங்கி எழுந்து வரட்டும். பாதி நாள் இங்கே இருந்தால் மீதி நாள் பட்டுக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து திருவாரூர் போகிற ரயில் பட்டுக்கோட்டை வழியாகத்தான் போகிறது. இதில் நீ பேரம் பேசாதே.

இனி ரயில். இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள். ஏப்ரல் 30ஆம் தேதி கிளம்பினால் மறுநாள் மே தின லீவு. அந்தத் தேதிக்கு மார்ச் 1ஆம் தேதி காலை 8 மணிக்குத் திறக்கும். அன்றைக்கு மறந்துவிட்டால் பிறகு தட்கலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆம்னி பஸ்காரர் லீவு நாளில் கேட்கிற பணத்தைக் கொடுக்க வேண்டும். அவசரத்துக்குக் கொடுக்கிற காசு என்று சொன்னேனே, அது இதுதான். பல்லவன் ரயிலில் பகல் பயணம், உட்கார்ந்து வருகிற இரண்டாம் வகுப்பே போதும். மத்தியானம் சென்னை எழும்பூரில் ஏறினால் ராத்திரி காரைக்குடி. திரும்பிப் போகும்போது ராத்திரி வண்டியில் ஸ்லீப்பர் எடு. பாப்பாவுக்கு ஐந்து வயசு நிறையவில்லை, டிக்கெட் வேண்டாம். பெரியவனுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழு டிக்கெட், கேட்காவிட்டால் அரை டிக்கெட். அவன் உயரத்துக்குத் தனிப் படுக்கையே எடுத்துவிடு, அதில் மிச்சம் பிடிக்காதே.

வந்தபிறகு கார் வேண்டாம். 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கெல்லாம் இலவசம். மருமகளும் நானும் டிக்கெட் இல்லாமல் ஏறுவோம், பாப்பா மடியில் உட்காருவாள். ஆம்பளைகள் மூன்று பேருக்குத்தான் சில்லறை எடுக்க வேண்டும்.

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் பிடித்துவிடும். அதனால் எங்கே போனாலும் விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மத்தியானம் முழுக்கத் தூக்கமும் தாயமும் பல்லாங்குழியும்தான். சாயங்காலம் மறுபடி வெளியே.

ஒரு காலை குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வெயிலுக்கு முன்னால் குன்றக்குடிப் படியேறி இறங்கிவிட்டு, பிள்ளையார்பட்டியில் மலையைக் குடைந்து செதுக்கின கற்பக விநாயகரைப் பார்க்கலாம். இரண்டே கை, வலம்புரித் தும்பிக்கை. மற்றப் பிள்ளையாருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று பெரியவனையே கண்டுபிடிக்கச் சொல்.

ஆத்தங்குடிக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்கு. வருகிறவர்கள் எல்லோரும் அங்கே பெரிய வீட்டுக்கு டிக்கெட் வாங்கி, தூணையும் விதானத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டியது, தரையில் பதிக்கிற பூக்கல் செய்கிற பட்டறையை. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு சாயச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். பிறகு அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, கலவையைப் பூசி அழுத்தி, காய வைத்துத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். சூளையும் கிடையாது, நெருப்பும் கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடியில் ஒட்டிக் கிடந்ததால் வருவது. அச்சைத் தூக்குகிற அந்த நிமிஷத்தில் சாயம் ஒன்றோடு ஒன்று கலக்காமல் நிற்கும். அதைப் பார்க்கும்போது பெரியவன் மூச்சுவிட மறப்பான். பட்டறையில் பணிவாகக் கேட்டால் பார்க்க விடுவார்கள். வேலைக்குக் குறுக்கே நிற்காமல் பார்க்கச் சொல்லிக்கொடு.

திருமயம் கோட்டை 1687இல் ராமநாதபுரத்து ராஜா சேதுபதி கட்டியது. புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, 15 வயசுக்குக் கீழே டிக்கெட் இல்லை. உச்சியில் பீரங்கி இருக்கிறது. ஏறுகிற வழியில் பாறைக்குள் குடைந்த சிவன் சந்நிதிக்கு இரும்பு ஏணி வைத்திருக்கிறார்கள். கீழே பாறையிலேயே பள்ளிகொண்ட பெருமாள். சூரியன் மேலே வந்தால் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது, கோட்டை திறந்ததுமே முதல் ஆளாக ஏறிவிட வேண்டும்.

எங்கேயாவது ஓர் இரவாவது வெளியூரில் தங்கினால்தான் பிள்ளைகளுக்கு டூர் போன மாதிரி இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். அதற்கு ராமேஸ்வரம். திருச்சியிலிருந்து காலையில் கிளம்புகிற வண்டி நம் ஊர் வழியாகத்தான் போகிறது. முன்பதிவில்லாத பெட்டியில் ஏறினாலே போதும், கட்டணம் உனக்குச் சென்னையில் ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக்கும் குறைவு. பாம்பனில் 1914ஆம் வருஷத்துப் பழைய பாலத்தில் நீ என் மடியில் உட்கார்ந்து போயிருக்கிறாய். இப்போது பக்கத்தில் புதுப் பாலம், 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தார்கள். பழையது கப்பல் வந்தால் இரண்டு கையையும் விரித்தமாதிரி திறந்துகொண்டிருந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே தூக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் கடல் மட்டும் தெரிகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு எந்த பேக்கேஜிலும் விலை போட முடியாது.

தங்குவதற்குக் கோயில் விடுதியை முன்கூட்டியே கேட்டுப் பார். அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு, உள்ளே 22 தீர்த்தமும் ஆடட்டும். வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்ற ஊற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். பேய்க்கரும்பில் கலாம் ஐயாவின் நினைவிடத்துக்குக் கட்டணம் இல்லை. ராக்கெட் மாதிரிகள் இருக்கின்றன, பெரியவனை அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். சாயங்காலம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அரிச்சல்முனையில் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடாதே, இழுப்பு அதிகம். கரையில் நின்று பார்த்தால் போதும்.

சாப்பாட்டை என்னிடம் விட்டுவிடு. நாலு பேர் மூன்று வேளை வெளியே சாப்பிடுவதில்தான் கண்ணுக்குத் தெரியாமல் பணம் கரைகிறது. பலகாரம் போட்டு விற்கிறவள் நான், வெயிலில் எது தாங்கும் எது கெடும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். பல்லவனில் வரும்போது மருமகளை எலுமிச்சைச் சோறு மட்டும் கட்டச் சொல். ராமேஸ்வரத்துக்கு நான் புளிச்சோறு கட்டுகிறேன். சோறு நன்றாக ஆறின பிறகு நல்லெண்ணெய் விட்டுக் கிளறினால் மறுநாள் காலை வரை நிற்கும். தயிர்ச்சோற்றுக்குக் குழைந்த சோற்றில் காய்ச்சின பாலை விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்து எடுத்துப்போக வேண்டும். மத்தியானம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும். வெங்காயம் போடக்கூடாது. இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி வாழை இலையில் மடிப்பேன். தேங்காய்ச் சட்னி பயணத்துக்கு ஆகவே ஆகாது. கொறிக்கத் தேன்குழலும் சீப்புச் சீடையும், பசித்தால் ஆளுக்கொரு மாவுருண்டை. வழியில் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் மட்டும் வாங்கு. கலர் தண்ணீர் எதுவும் வேண்டாம். வீட்டில் இருக்கிற நாளில் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி. கும்மாயம் கிளற பெரியவனைக் கூட நிற்க வைக்கப்போகிறேன்.

பட்டுக்கோட்டைக்குப் போகிற நாள் தவிர இன்னும் ஒரு நாள் மிஞ்சினால் கீழடி அருங்காட்சியகம் பார்த்துவிடலாம். 2023இல் திறந்தது, நம் ஊர் வீடு மாதிரியே முற்றமும் தாழ்வாரமும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைகள் விளையாடின சுடுமண் சாமான் எல்லாம் இருக்கிறது. பானை ஓட்டில் ஆதன் என்று பேர் கீறியிருப்பதைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டு.

அடுத்த வருஷம் மலைக்குத்தான் போக வேண்டும் என்றால் இந்த ஜூனிலிருந்து மாசம் 1,500 தனியாகப் போடு. ஏப்ரலில் 16,500 கையில் நிற்கும். அதற்குள் அடங்கும்படி போய்வா, ஏற்காடோ சிறுமலையோ. ஜூன் ஃபீஸ் மாசத்தில் முடியாது என்றால் அந்த ஒரு மாசத்துக்கு நான் போடுகிறேன். பலகாரக் காசு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லாதே.

பெரியவனிடம் ஊட்டி இல்லை என்று ஆரம்பிக்காதே. பாம்பன் பாலம் எப்படித் தூக்குகிறது என்று முதலில் சொல், மற்றதை அவனே கேட்பான்.

மார்ச் 1 காலை டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். கோயில் விடுதிக்கு அப்பா அன்றைக்கே கேட்பார். பாப்பாவுக்குக் காரம் இப்போது எவ்வளவு தாங்கும் என்று மருமகளைக் கேட்டு எழுது, மிளகாய்ப்பொடியை அதற்குத் தகுந்தபடி இடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா